இருநிலை மடிக்கணினியும் மாணவர் தேவையும் – ஒரு மதிப்பீடு

முன்னுரை

காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவில் பழம்பொருள் விற்கும் கடைகள் உள்ளன. செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த தூண்கள், பீங்கான் சாடிகள், பூட்டுகள் ஆகியவற்றினிடையே கணக்குப்பிள்ளைப் பெட்டி என்னும் மரப்பெட்டியையும் அங்குக் காணலாம். தரையில் பாய் விரித்து அமர்ந்து கணக்கெழுதியவர்கள் கையாண்ட பெட்டி அது. மூடினால் அதன் மேற்பலகை எழுதும் மேசையாகும். திறந்தால் ஏடும் எழுதுகோலும் வைக்கும் பேழையாகும். ஒரே பொருள் இரு நிலைகளில் இரு பணிகளைச் செய்தது. பொருளறிந்தவர் அதனை வாங்கும்போது மெருகை மட்டும் பார்ப்பதில்லை. மூடியைத் தூக்கிக் கீலை ஆட்டிப் பார்ப்பர்.

இன்று அத்தகைய இருநிலைப் பொருளொன்று மாணவரின் கைக்கு வந்துள்ளது. விசைப்பலகையுடன் கூடிய மடிக்கணினியாகவும், திரையை முழுவதும் பின்னோக்கித் திருப்பினால் கைப்பலகையாகவும் பயன்படும் கணினி அது. கடைக்காரர்கள் இதனை ‘டூ இன் ஒன்’ என்பர். இக்கட்டுரையில் இருநிலைக் கணினி என வழங்குவோம்.

சென்ற கல்வியாண்டின் தொடக்கத்தில், வளைகுடா நாடொன்றில் பணிபுரியும் தந்தை ஒருவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். அவர்தம் மகள் எம் துறையில் முதுகலை பயில்பவர். “சார், பிள்ளைக்கு லேப்டாப் வாங்க நாற்பதாயிரம் அனுப்பலாம்னு இருக்கேன். திருப்பி மடக்குற மாதிரி ஒண்ணு இருக்காம், அதுதான் வேணுங்குது. வாங்கலாமா சார்?” என்று வினவினார். என்னால் உடனே விடை கூற இயலவில்லை. அத்தொகைக்குப் பின்னுள்ள உழைப்பை நான் அறிவேன். அன்றியும், அத்தகைய கணினி ஒன்றை ஆராயாது வாங்கி இழப்புற்றவன் நான். அவருக்குப் பின்னர் அளித்த விடையே விரிந்து இக்கட்டுரையாயிற்று.

கருவியும் எழுத்தும்

எழுதும் கருவி எழுத்தின் இயல்பையே மாற்ற வல்லது என்பதைத் தமிழ் பயில்வோர் நன்கறிவர். ஓலையில் எழுத்தாணியால் புள்ளியிட்டால் ஓலை கிழியுமென்று அஞ்சிப் புள்ளியைப் பெரும்பாலும் விடுத்தனர். அதனால் மெய்யெழுத்தும் அகர உயிர்மெய்யும், எகர ஏகாரங்களும், ஒகர ஓகாரங்களும் வடிவால் வேறுபடாது நின்றன. பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் நெடில் வடிவங்களைத் திருத்தினார். 1978ஆம் ஆண்டு தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தம் அச்சுக்கும் தட்டச்சுக்கும் எளிமை தந்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் ‘தமிழ் 99’ விசைப்பலகை தரப்படுத்தப்பட்டது. 2010இல் ஒருங்குறி அரசுப் பயன்பாட்டுக்குரிய தரமாக ஏற்கப்பட்டது.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது ஒன்றுண்டு. கருவியைத் தனியே வைத்து ‘நல்லது’, ‘தீயது’ எனக் கூறுதல் பொருந்தாது. எப்பணிக்கு, எவர் கையில் என்னும் வினாவோடு சேர்த்தே அதனை மதிப்பிடல் வேண்டும். குணத்தையும் குற்றத்தையும் ஒருங்கே ஆராய்ந்து, மிக்கது எதுவெனக் கண்டு தெளிக என்பது வள்ளுவர் ஆளைத் தேர்வதற்குக் கூறிய நெறி. கருவியைத் தேர்வதற்கும் அது பொருந்தும்.

இருநிலைக் கணினி கடந்து வந்த பாதை

திரையில் எழுதுகோலால் எழுதும் மடிக்கணினிகளை 2002ஆம் ஆண்டு மைக்ரோசாப்ட் நிறுவனம் தனி இயங்குதளத்தோடு அறிமுகப்படுத்தியது. அவை விலை மிகுந்தவை, மாணவர்க்கு எட்டாதவை. 2012இல் லெனோவா நிறுவனம் ‘யோகா’ என்னும் பெயரில் திரை முழுவட்டமாக, அதாவது 360 பாகை, திரும்பும் மடிக்கணினியை விற்பனைக்குக் கொணர்ந்தது. பின்னர்ப் பிற நிறுவனங்களும் அம்முறையைப் பின்பற்றின. விலையும் படிப்படியாக இறங்கிற்று.

பள்ளிக் குழந்தைக்கெனவே எளிய விலையில் இருநிலைக் கணினி செய்யும் முயற்சி இதற்கு முன்னரே நிகழ்ந்தது. ‘குழந்தைக்கொரு மடிக்கணினி’ என்னும் திட்டத்தை நிக்கோலசு நெக்ரபான்டி 2005இல் அறிவித்தார். நூறு டாலர் விலை என்பது நோக்கம். 2007இல் உற்பத்தி தொடங்கியபோது விலை ஏறத்தாழ இருமடங்காயிற்று. எனினும் அதன் திரை வெயிலிலும் படிக்கத்தக்கது. சுழற்றி மடக்கினால் மின்னூல் போல் பயன்படுவது. பெரு நாடு இக்கணினிகளை இலட்சக்கணக்கில் வாங்கிப் பள்ளிகளுக்கு வழங்கியது. அந்நாட்டின் ஊர்ப்புறப் பள்ளிகளில் அமெரிக்க நாடுகளிடை வளர்ச்சி வங்கியினர் செய்த ஆய்வு 2012இல் வெளிவந்தது. கணினி பெற்ற பள்ளிகளில் கணிதத்திலும் மொழிப்பாடத்திலும் தேர்ச்சி உயர்ந்தமைக்குச் சான்றில்லை என்பது அதன் முடிவு. கருவி வந்தது, அதனோடு வரவேண்டிய பாடமும் பயிற்சியும் உடன் வரவில்லை.

நம் நாட்டில் 2011 அக்டோபரில் ‘ஆகாஷ்’ கைக்கணினி வெளியிடப்பட்டது. விலைக்குறைவால் உலகமே அதனைத் திரும்பிப் பார்த்தது. ஆயினும் அதன் முதல் வடிவின் திரை விரலின் மென்தொடுகையை உணராது, அழுத்தினாலே உணரும். மின்கலமும் நெடுநேரம் நிற்கவில்லை. விலை குறைந்தது, பயனும் உடன் குறைந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் பல இலட்சம் இல்லங்களில் முதற் கணினியைச் சேர்த்தது. 2025-26ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில், கல்லூரி மாணவர் இருபது இலட்சம் பேருக்கு இரண்டாண்டுகளில் கைக்கணினியோ மடிக்கணினியோ வழங்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. ஆகவே கைப்பலகையா, மடிக்கணினியா, இரண்டும் ஒன்றானதா என்னும் வினா இன்று வீடுதோறும் எழும் வினாவாகும்.

மதிப்பீட்டு அளவுகோல்கள்

முப்பதாயிரம் முதல் ஐம்பதாயிரம் ரூபாய் வரை செலவிடக்கூடிய குடும்பத்தை மனத்திற்கொண்டு, கீழ்க்காணும் ஆறு அளவுகோல்களை முன்வைக்கிறேன்.

1. கீல்: இருநிலைக் கணினியின் உயிர் கீலில் உள்ளது. சாதாரண மடிக்கணினியில் கீல் ஓரளவே திரும்பும். இதிலோ முழுவட்டம் திரும்புதல் வேண்டும். திரைக்குச் செல்லும் மெல்லிய மின்வடமும் கீலின் வழியே செல்கிறது. கீல் உலோகமாயினும் அதனைத் தாங்கும் உடற்பகுதி மெல்லிய பிளாஸ்டிக்காயின் திருகாணி பதிந்த இடம் நாளடைவில் வெடிக்கும். சில ஆண்டுகளுக்கு முன் நான் வாங்கிய கணினிக்கு நேர்ந்தது இதுவே. பதினான்காம் மாதத்தில் கீலின் அருகே விரிசல் தோன்றிற்று. உறுதிமொழிக் காலமோ பன்னிரண்டு மாதம். திரையைத் தாங்கும் பகுதி முழுவதையும் மாற்றவேண்டும் என்றனர். கணினி விலையில் மூன்றிலொரு பங்கைக் கேட்டனர். தவறு என்னுடையதும் ஆகும். திரையின் ஒரு மூலையைப் பிடித்தே நாள்தோறும் திருப்பி வந்தேன். இரு கைகளாலும் இரு பக்கமும் பற்றித் திருப்புதலே முறை.

2. திரை: மலிவான திரைகளுள் நேர்நின்று பார்த்தால் மட்டும் தெளிவாயிருந்து, பக்கத்திலிருந்து பார்த்தால் நிறம் மாறுவன உள. பலவாறு திருப்பிப் பார்க்கும் கணினிக்கு அவை பொருந்தா. ஐ.பி.எஸ். வகைத் திரை வேண்டும். பதினொன்றரை அங்குலத் திரை சுமக்க எளிது. ஆயினும் பழைய நூலின் படிமப் பக்கத்தைப் படிக்கச் சிறியது. பதினான்கு அங்குலம் படிக்க நன்று. ஆனால் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையைக் கையில் ஏந்தி நெடுநேரம் படித்தல் இயலாது. மேசையிலோ தாங்கியிலோ வைத்தே படிக்க நேரும். கைப்பலகையாகும் என்னும் விளம்பரச் சொல்லில் இவ்வுண்மை மறைந்து நிற்கிறது.

3. எழுதுகோல்: தொடுதிரை என்பதும் எழுதுதிரை என்பதும் ஒன்றல்ல. இரப்பர் முனை கொண்ட மலிவான கோல் விரலுக்கு மாற்றே; நுண்ணிய எழுத்துக்கு உதவாது. அழுத்தத்தை உணர்ந்து கோட்டைத் தடித்தும் மெலிந்தும் காட்டும் மின்னெழுதுகோலை ஏற்கும் திரையே எழுதுவதற்கு உரியது. எழுதும்போது திரையில் படியும் உள்ளங்கையைக் கணினி எழுத்தாகக் கொள்ளாது விடவும் வேண்டும். சில கணினிகளில் கோல் உடன் வரும்; சிலவற்றில் தனியே வாங்கவேண்டும். கோலின் விலையையும் கூட்டியே கணினியின் விலையைக் கணக்கிடுக.

4. நினைவகமும் சேமிப்பகமும்: விண்டோஸ் 11 இயங்குதளத்திற்கு 4 ஜி.பி. நினைவகமும் 64 ஜி.பி. சேமிப்பகமும் குறைந்த அளவாக வகுக்கப்பட்டுள்ளன. இது நுழைவாயில் அளவே, வாழ்வதற்கான அளவன்று. 8 ஜி.பி. நினைவகமும் 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. சேமிப்பகமும் மாணவர்க்கு வேண்டும். மலிவான பல கணினிகளில் இ.எம்.எம்.சி. என்னும் மெதுவான சேமிப்பகம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். பின்னர் மாற்ற இயலாது. நினைவகமும் அவ்வாறே பற்றவைக்கப்பட்டதா, கூட்டத்தக்கதா எனக் கேட்டறிக.

5. மின்கலம்: காரைக்குடிக்கு இப்பொருள் புதிதன்று. வள்ளல் அழகப்பச் செட்டியார் ஈந்த நிலத்தில் 1948இல் அடிக்கல் நாட்டப்பெற்று, 1953இல் திறக்கப்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தில் மின்கல ஆய்வு நெடுங்காலமாக நடைபெறுகிறது. நாம் அறியவேண்டுவது எளிய கணக்கே. வோல்ட் அளவை ஆம்பியர்-மணி அளவால் பெருக்கினால் வாட்-மணி கிடைக்கும். 7.6 வோல்ட், 5 ஆம்பியர்-மணி எனில் 38 வாட்-மணி. எழுதுதலும் படித்தலுமாகிய பணிக்கு ஏறத்தாழ 7 வாட் செலவாகுமெனக் கொண்டால் ஐந்தேகால் மணிக்குச் சற்று மேல் நிற்கும். சில நூறு முறை மின்னேற்றிய பின் லித்தியம் மின்கலத்தின் கொள்ளளவு குறையும். எண்பது விழுக்காடாகும்போது அதே பணிக்கு நான்கேகால் மணியே கிடைக்கும். வெப்பம் இத்தேய்வை விரைவுபடுத்தும். கோடையில் வெயிலில் நிற்கும் வண்டிப்பெட்டிக்குள் கணினியை வைத்தல் கூடாது.

6. மென்பொருளின் ஆயுள்: விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. பழைய இருநிலைக் கணினிகளைக் குறைந்த விலைக்கு விற்போர் இதனைக் கூறுவதில்லை. விண்டோஸ் 11ஐ முறைப்படி ஏற்காத கணினியை ஆவணப் பணிக்கு வாங்குதல் தகாது. குரோம்புக் வகைக் கணினிகளில் இருநிலை உடையன விலை குறைந்து கிடைக்கின்றன. அவற்றுக்கும் புதுப்பிப்பு முடியும் நாள் உண்டு. கடையில் கேட்டறிந்து கணக்கிடுக. இணையமின்றி நம் பணி எவ்வளவு நடக்கும் என்பதும் ஆராயத்தக்கது.

தமிழ்ப் பணிக்குரிய சோதனை

மேற்கூறியவை எல்லா மொழியினர்க்கும் பொது. தமிழ் மாணவர்க்கெனச் சிறப்பாகச் சில உள. நன்னூலார் நூலுக்குரிய குற்றங்களுள் குன்றக் கூறலையும் மிகைபடக் கூறலையும் வைத்தார். கணினி விளம்பரத்தில் இவ்விரண்டும் ஒருங்கே காணப்படும். ஆதலின் தாளை நம்பாது, கடையிலேயே அரைமணி நேரம் கேட்டுப்பெற்றுப் பின்வருவனவற்றைச் செய்க.

முதலாவது, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலிருந்து பழைய அச்சுநூல் ஒன்றின் படிமக் கோப்பைத் திறந்து, திரையை நெடுக்காக நிறுத்தி ஒரு பக்கம் முழுவதையும் படித்துப் பார்க்க. அடிக்குறிப்பு தெரிகிறதா? கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் திரட்டிய நூல்களின் தொகுதி 1994 முதல் சென்னையில் ஆய்வு நூலகமாகப் பயன்பட்டு வருகிறது. அத்தகைய அரிய நூல்களை இனிவரும் மாணவர் பெரிதும் படிமமாகவே படிப்பர். நெடுக்குத் திரை அவர்க்கு ஆடம்பரமன்று, வாசிப்புக் கருவி.

இரண்டாவது, எழுதுகோலால் ஐ, ஞ, ணை, ழு, றூ ஆகிய வளைவு மிக்க எழுத்துக்களைச் சிறிதாக எழுதுக. பின் அளவுகோலை மெல்ல ஒட்டிச் சாய்கோடு ஒன்றை மிக மெதுவாக இழுக்க. கோடு அலையலையாக வந்தால் அத்திரை கையெழுத்துக்கு ஏற்றதன்று.

மூன்றாவது, தமிழ் 99 விசைப்பலகையை அமைத்து ஒரு பத்தி தட்டச்சு செய்க. பலகை நிலையில் விசைகள் பின்புறம் சென்றுவிடும். அப்போது திரையில் தோன்றும் விசைப்பலகையிலும் தமிழ் கிடைக்கிறதா என நோக்குக. பழைய எழுத்துருக்களில் அமைந்த கோப்புகள் வீட்டில் இருப்பின் ஒன்றைக் கொண்டுசென்று ஒருங்குறிக்கு மாற்றிப் பார்க்க.

நான்காவது, மின்வடத்தைக் கழற்றிவிட்டு இவ்வரைமணியில் எத்தனை விழுக்காடு குறைந்தது எனக் குறித்துக்கொள்க.

ஐந்தாவது, திரையைத் தட்டச்சின்போது கவனிக்க. ஒவ்வொரு தட்டுக்கும் திரை ஆடினால் கீல் தளர்ந்தது என்பது பொருள். முழுவட்டம் திருப்பும்போது முனகல் ஒலி எழுகிறதா எனவும் செவிகொடுக்க.

வாங்கும்போது இந்தியத் தர நிறுவனப் பதிவெண் கணினியிலோ அதன் மின்னேற்றியிலோ பொறிக்கப்பட்டுள்ளதா எனக் காண்க. பதினெட்டு விழுக்காடு சரக்கு, சேவை வரியுடன் கூடிய சீட்டைப் பெறுக; குறை நேர்ந்து முறையிடுவதற்கு அதுவே சான்று. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ‘வட்டியில்லாத் தவணை’ என்னும் அறிவிப்பையும் நின்று படிக்க. உடனடியாகப் பணம் செலுத்துவோர்க்குக் கிடைக்கும் தள்ளுபடி தவணைக்காரர்க்கு மறுக்கப்படின், அவ்வேறுபாடே வட்டியாகும். நடைமுறைக் கட்டணம் அதனோடு சேரும். வட்டியைத் தவிர்க்க விரும்பும் குடும்பங்கள் இதனை வெளிப்படையாகக் கேட்டறிதல் நலம்.

எவர்க்கு வேண்டும், எவர்க்கு வேண்டா

ஒரே விலையில் இருநிலைக் கணினியும் சாதாரண மடிக்கணினியும் நின்றால், முன்னதில் பணத்தின் ஒரு பகுதி கீலுக்கும் தொடுதிரைக்கும் சென்றிருக்கும். பின்னதில் அப்பகுதி நினைவகத்திற்கும் செயலிக்கும் சென்றிருக்கும். எனவே திருப்பும் வசதியை நாள்தோறும் பயன்படுத்துவோர்க்கே அது ஆதாயம்.

விடைத்தாளையும் ஆய்வேட்டையும் திரையில் வைத்துக் கையால் திருத்தும் ஆசிரியர்க்கு இருநிலைக் கணினி உகந்தது. சூத்திரங்களும் படங்களும் வரையும் அறிவியல் மாணவர்க்கும், படிமநூல்களை நெடுக்காகப் படித்துக் குறிப்பெழுதும் ஆய்வாளர்க்கும் அது பயன்படும். கட்டுரையும் திட்டப்பணியும் தட்டச்சு செய்து, வேலைக்கு விண்ணப்பித்து, கணக்கியல் மென்பொருள் பயிலும் மாணவர்க்குச் சாதாரண மடிக்கணினியே போதும். அதே தொகைக்கு உறுதியானதைப் பெறலாம். காணொலிப் பாடம் மட்டும் பார்ப்பவர்க்கு இரண்டும் மிகை.

முடிவுரை

அம்மாணவியை அழைத்து ஒரு வாரம் தாம் செய்யும் பணிகளை ஒரு தாளில் எழுதிவரச் சொன்னேன். தட்டச்சு பதினோரு மணி நேரம், படிமநூல் வாசிப்பு மூன்று மணி நேரம், கையெழுத்துக் குறிப்பு நோட்டுப் புத்தகத்தில் என எழுதி வந்தார். தாளைச் சிறிது நேரம் பார்த்தவர், “எனக்குத் திருப்புறது தேவையில்லைன்னு நினைக்கிறேன், ஐயா. தோழிகிட்ட பார்த்து ஆசைப்பட்டுட்டேன்” என்றார். நான் அறிவுறுத்தவேண்டிய தேவையே எழவில்லை. பதினான்கு அங்குலச் சாதாரண மடிக்கணினி ஒன்றை வாங்கினார். மிஞ்சிய தொகையைத் தந்தை சொற்படி பழுதுபார்ப்புக்கென ஒதுக்கி வைத்துள்ளார். நானோ கீல் பழுதுற்ற கணினியைச் செப்பனிட்டு, விடைத்தாள் திருத்த இன்றும் அதனையே பயன்படுத்துகிறேன். என் பணிக்கு அது வேண்டும். அவர் பணிக்கு வேண்டா.

மாணவர்க்குக் கணினி வழங்கும் அறக்கட்டளையினரும் ஊர்ப் பெரியோரும் இதனை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். ஒரே வகைக் கணினியை மொத்தமாக வாங்கி வழங்குதல் எளிது. பெறுபவரிடம் முதலில் அவ்வொரு வாரத் தாளைக் கேட்டு வாங்குதல் அதனினும் சிறந்தது. பத்தில் ஒரு பங்கைப் பழுதுபார்ப்பு நிதியாக வைத்தல் இன்னும் சிறந்தது. கொடையின் பயன் கொடுத்த நாளோடு முடிவதன்று. மூன்றாம் ஆண்டிலும் அக்கணினி திறக்கிறதா என்பதில் உள்ளது.